எந்த நகரத்தில் குடியேறலாம்? தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு ஓர் ஒப்பீடு

‘எகனாமிஸ்ட்’ இதழை வெளியிடும் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு, வாழ்வதற்கு எவ்வளவு ஏற்றவை என்று 173 நகரங்களுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டு ஆண்டுதோறும் வரிசைப்படுத்துகிறது. 2024-இல் வியன்னா 98.4 மதிப்பெண்ணுடன் முதலிடம். 2025-இல் 98.0 எடுத்த கோபன்ஹேகன் அந்த இடத்தைப் பிடித்தது. அதற்கு முன் 2011 முதல் 2017 வரை ஏழு ஆண்டுகள் மெல்போர்னை யாராலும் அசைக்க முடியவில்லை. பட்டியல் வெளியான அன்றே ‘வாழ்வதற்குச் சிறந்த நகரம்’ என்று செய்திகள் வந்துவிடும்.

அந்த மதிப்பெண் எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். நிலைத்தன்மைக்கு (குற்றமும் கலவரமும் இல்லாமைக்கு) 25 சதவீதம், பண்பாடும் சுற்றுச்சூழலும் சேர்த்து 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. வாடகைக்கு இதில் இடமில்லை. வருமான வரிக்கும் இல்லை. உங்கள் தொழிலில் அங்கே வேலை கிடைக்குமா என்பதும் கணக்கில் வராது.

இதைக் குறை என்று சொல்ல முடியாது. இந்த வகைப் பட்டியல்களின் முக்கியப் பயன், ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்குக் ‘கஷ்டப்படி’, அதாவது வாழக் கடினமான ஊரில் வேலை செய்வதற்குத் தரும் கூடுதல் படி, கணக்கிட உதவுவது. 80 மதிப்பெண்ணுக்கு மேல் என்றால் கூடுதல் படி தேவையில்லை. 50-உம் அதற்குக் கீழும் என்றால் சம்பளத்தில் 20 சதவீதம் கூடுதலாகத் தரலாம் என்பது அந்த அளவுகோலின் பரிந்துரை. நியூயார்க்கை 100 என்று வைத்து 39 காரணிகளை அளக்கும் மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலின் பயனும் இதுவே. சம்பளமும் வீட்டு வாடகையும் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் ஒருவருக்கான கேள்விக்கு இவை பதில் சொல்கின்றன. சொந்தக் காசில் வாடகை கொடுக்கப்போகிறவர் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எகனாமிஸ்ட் பட்டியலில் அந்த நகரம் 80-க்கு மேலா, கீழா? மேலே இருப்பவை எல்லாம் ஒரே கூடை. 98-க்கும் 93-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வாழ்க்கையில் எங்கும் தெரியப்போவதில்லை.

முதலில் கழித்துக்கட்டுங்கள்

மதிப்பெண் போடும் வேலை பிறகு. சில கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்த நகரத்தின் மற்ற சிறப்புகளைப் பேசிப் பயனில்லை. அவற்றை மதிப்பெண் அட்டவணைக்குள் கொண்டுவருவதுதான் பலரும் செய்கிற முதல் பிழை. நல்ல பூங்காவுக்குக் கிடைத்த 9 மதிப்பெண், குடும்பத்தோடு தங்க அனுமதி இல்லாததை ஈடுகட்டிவிடுவதுபோல் கணக்கு காட்டும்.

வெளிநாடு என்றால் முதல் கேள்வி தங்கும் அனுமதி. அது உங்கள் பெயரில் இருக்கிறதா, வேலை கொடுப்பவரோடு கட்டப்பட்டிருக்கிறதா? கட்டப்பட்டிருந்தால், வேலை போன நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் அடுத்த வேலை தேட வேண்டும்? துணைவருக்கு வேலை செய்யும் உரிமை தானாக வருமா, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா? இருவர் சம்பளத்தை நம்பிப் போட்ட கணக்கு, ஒருவருக்கு அனுமதி ஓராண்டு தள்ளிப்போனால் நொறுங்கிவிடும்.

இரண்டாவது கேள்வி, இரண்டாவது வேலை. கையில் இருக்கும் வேலையை வைத்து நகரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்; ஆனால் ஒரே நகரத்தில் பத்து ஆண்டுகள் இருந்தால் நடுவில் ஒருமுறையாவது வேலை மாறும். உங்கள் தொழிலில், உங்கள் அனுபவ அளவில், ஆளெடுக்கும் நிறுவனங்கள் குறைந்தது ஐந்தாவது அங்கே உண்டா என்று வேலைவாய்ப்பு விளம்பரங்களை மூன்று மாதம் தொடர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெரிய ஆலையையோ ஒரே துறையையோ நம்பியிருக்கும் ஊரில், உங்கள் வேலை போகும் அதே மாதத்தில் வீட்டு விலையும் விழும்.

மூன்றாவது, மருந்து. நீண்ட காலமாக எடுத்துக்கொள்ளும் மருந்து அங்கே கிடைக்குமா, சட்டப்படி கொண்டுபோகலாமா? கவனக்குறைபாட்டுக்குச் சில நாடுகளில் எழுதித்தரும் ஆம்ஃபெட்டமின் மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது, மருத்துவர் சீட்டு இருந்தாலும். இதை விமான நிலையத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் நான்காவது கேள்வி: ஆண்டின் நடுவில் சேர்த்துக்கொள்வார்களா, எந்த மொழியில் பாடம், இருப்பிட எல்லைக்குள் இருந்தால்தான் இடமா? எல்லை முறை இருக்கும் இடங்களில் பள்ளியைத் தேர்ந்தெடுத்த பிறகே தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் இரண்டுமே சரியாக அமையாது.

இந்த வடிகட்டலில் பத்து நகரங்கள் இருந்த பட்டியல் பெரும்பாலும் மூன்றாகச் சுருங்கிவிடும்.

சம்பளம் வேறு, மிச்சம் வேறு

விலைவாசிக் குறியீடுகளில் பெரும்பாலானவை பயனர்கள் தாமாகப் பதிந்த விலைகளை வைத்தே ஓடுகின்றன. சிறு நகரங்களில் பதிவுகள் சொற்பம். வருபவர்களில் வெளிநாட்டார் அதிகம் என்பதால் மையப்பகுதி வாடகையே மேலோங்கும். அவற்றைத் தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று சொந்தமாகக் கணக்குப் போடுங்கள்.

எளிமைக்காக இப்போதைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ நகரத்தில் சம்பளம் அதே 100. வரியும் கட்டாயக் காப்பீடும் 22, வீட்டுச் செலவு 28, பயணம் 4, மற்றவை 30. மிச்சம் 16. ‘ஆ’ நகரத்தில் சம்பளம் 130. வரியும் காப்பீடும் 36, வீடு 46, பயணம் 9, மற்றவை 34. மிச்சம் 5. சம்பளம் 30 சதவீதம் கூடியது. சேமிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. இதில் வியப்பில்லை. அதிகச் சம்பளம் தரும் நகரத்தில் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்தே வீட்டு விலை ஏறி உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கணக்கில் விட்டுப்போகும் செலவுகள் எவை என்பது ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க்கில் மத்திய, மாநில வரிகளுக்கு மேல் நகரமே தனியாக 3 முதல் 4 சதவீதத்துக்குள் வருமான வரி போடுகிறது. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது; ஆனால் சொத்து வரி கடுமை, வாடகைக்கு இருப்பவர் அதை வாடகை வழியாகக் கட்டுவார். துபாயில் சம்பளத்துக்கு வரி இல்லை, ஆனால் ஆண்டு வாடகையில் 5 சதவீதம் மாநகராட்சிக் கட்டணமாக மின்-குடிநீர்க் கட்டணத்தோடு சேர்ந்து வரும். சுவிட்சர்லாந்தில் குடியேறிய மூன்று மாதத்துக்குள் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். அது சம்பளத்தில் பிடிக்கப்படுவதில்லை, தனியாகக் கட்ட வேண்டும். பெர்லினில் விளம்பரத்தில் போடும் தொகை ‘குளிர் வாடகை’. வெப்பமூட்டலும் பொதுச் செலவுகளும் சேர்ந்த ‘சூட்டு வாடகை’தான் நிஜத்தில் கட்டுவது. ஒரு நகரத்தின் குளிர் வாடகையை இன்னொரு நகரத்தின் முழு வாடகையோடு ஒப்பிட்டு மகிழ்ந்துபோனவர்கள் ஏராளம்.

கார் தனிக் கதை. சிங்கப்பூரில் 1990 முதல் கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்தாண்டு மட்டுமே செல்லும் அந்தச் சான்றிதழ், சில ஏலங்களில் காரின் விலையையே மிஞ்சியிருக்கிறது. டோக்கியோவில் நிறுத்துமிடம் இருப்பதற்குக் காவல் நிலையச் சான்று இல்லாமல் காரைப் பதிவு செய்ய முடியாது. இந்த இரு நகரங்களிலும் கார் இல்லாத வாழ்க்கையைக் கணக்கில் எழுதுங்கள். ஹூஸ்டன் போன்ற பரந்த நகரத்தில் ஆளுக்கொரு கார் என்று எழுதுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் நிலை வராது.

வீடு: வாடகையைவிட வாசல் பெரிய தடை

பட்டியல்களில் மேலே நிற்கும் நகரங்களில் சிக்கல் வாடகைத் தொகையோடு முடிவதில்லை. வீடு கையில் கிடைப்பதே சிக்கல்.

வியன்னாவில் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ அரசு மானியம் பெற்ற வீடுகளிலோ இருக்கிறார்கள். நகராட்சிக்கு மட்டும் சுமார் 2,20,000 வீடுகள். உலகமே பொறாமைப்படும் ஏற்பாடு. ஆனால் நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க, பொதுவாக ஒரே முகவரியில் இரண்டு ஆண்டுகள் பதிவாகி வசித்திருக்க வேண்டும். நேற்று இறங்கியவர் தனியார் சந்தை விலையில்தான் தொடங்குவார். ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்கான பொது வரிசையில் லட்சக்கணக்கானோர். சராசரிக் காத்திருப்பு ஒன்பது ஆண்டுகள் அளவில். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது இரண்டாம் கை உள்வாடகை, அதாவது ஏற்கெனவே குடியிருப்பவரிடமிருந்து தற்காலிகமாக எடுக்கும் வீடு. ஓராண்டு, ஈராண்டு என்று இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சூரிக்கில் காலி வீடுகளின் பங்கு 2023-இலும் 2024-இலும் 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஆயிரம் வீட்டில் ஒன்றுகூட காலியில்லை என்று பொருள்.

அதனால் ‘நகரச் சராசரி வாடகை’ என்ற எண்ணைப் புதியவர் தொடவே கூடாது. இருபது ஆண்டுகளாக அங்கேயே இருப்பவரின் கட்டுப்பாட்டு வாடகையும் அதில் கலந்திருக்கும். இன்று காலியாக விளம்பரத்தில் இருக்கும் வீடுகளில், உங்களுக்கு வேண்டிய அளவில், வேண்டிய பகுதியில், இருபதை எடுத்து வாடகையைக் குறித்து நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து அதே விளம்பரங்களில் எத்தனை மிச்சம் என்றும் பாருங்கள். எல்லாம் மறைந்திருந்தால் அங்கே வீடு தேட ஒரு வார விடுப்பு போதாது. எல்லாம் அப்படியே இருந்தால் பேரம் பேசலாம்.

நுழைவுச் செலவையும் தகுதி விதியையும் தனித்தனியாக எழுதுங்கள். ஜெர்மனியில் முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்; ஆனால் பல வீடுகளில் சமையலறையில் அடுப்பும் அலமாரியும் இருக்காது, முன்னவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். டோக்கியோவில் முன்பணம், வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் திரும்பிவராத ‘நன்றிப் பணம்’, தரகு, வாடகைக்குப் பிணை நிற்கும் உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்து நான்கு முதல் ஆறு மாத வாடகை வரை போகும். நியூயார்க்கில் ஆண்டு வருமானம் மாத வாடகையின் 40 மடங்கு இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்பது வழக்கம். அதாவது வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டினால் கதவு திறக்காது.

மேலே போட்ட ‘ஆ’ நகரக் கணக்கில் வீட்டுச் செலவு 46-இல் வாடகை மட்டும் 40 என்றால், மூன்று மாத முன்பணம் 120. மாதம் 5 சேமித்தால் அந்தப் பணத்தைச் சேர்க்க 24 மாதம். அந்த நகரம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. கையில் இருப்பு இல்லாதவருக்கு அது இன்றைய நகரம் இல்லை.

வாங்கும் எண்ணம் இருந்தால் விலையை ஆண்டு வாடகையால் வகுத்துப் பாருங்கள். 15-க்குக் கீழ் என்றால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். 20-க்கு மேல் போனால் வாடகைக்கு இருப்பதே பொதுவாக லாபம். எப்படியிருந்தாலும் முதல் ஆண்டில் வாங்காதீர்கள். எந்தத் தெரு மழையில் மிதக்கும் என்பது விற்பவருக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது.

நேரம்

ஒரு வழிப் பயணம் 75 நிமிடமா 30 நிமிடமா என்பது நாளுக்கு ஒன்றரை மணி நேர வித்தியாசம். ஆண்டில் 220 வேலை நாள் என்றால் 330 மணி. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 41 நாள். வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம், ஆண்டுக்கு 130 நாள் என்றாலும் 195 மணி நேரம். சம்பள உயர்வைப் பேசும்போது இந்த மணிகளுக்கும் விலை போட்டுக் கழியுங்கள். ஜெர்மானியக் குடும்பங்களின் தரவை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் புரூனோ ஃப்ரையும் அலோயிஸ் ஸ்டட்சரும் கண்டது இதை ஒட்டியது: நீண்ட பயணத்துக்குச் சம்பளமோ வீட்டு வசதியோ ஈடுகட்டும் என்று பொருளாதாரம் சொன்னாலும், தொலைவிலிருந்து வருபவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது.

அளப்பதில் வரும் பிழைகளைச் சொல்ல வேண்டும். வரைபடச் செயலி காட்டும் ‘25 நிமிடம்’ பெரும்பாலும் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு. வீட்டுக் கதவிலிருந்து மேசை வரை எண்ணுங்கள். நடை 8 நிமிடம், காத்திருப்பு, மாறும் நிலையத்தில் படிக்கட்டு, மின்தூக்கி வரிசை. இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம் என்று தோன்றும். பேருந்துகள் தாமதமாகி ஒன்றின் பின் ஒன்றாக வந்தால் அதைவிடக் கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும் வழித்தடத்தில் இருக்கும் தூரமான வீடு, அரை மணிக்கு ஒன்று வரும் வழித்தடத்தின் பக்கத்து வீட்டை வென்றுவிடும். திரும்பும் பக்கம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள்.

சராசரியைவிட முக்கியம் பத்தில் ஒரு நாள் எவ்வளவு ஆகிறது என்பது. வழக்கமாக 50 நிமிடம், பத்து நாளுக்கு ஒருமுறை 80 நிமிடம் என்றால், நேரத்துக்குப் போக வேண்டிய வேலையில் இருப்பவர் தினமும் 80 நிமிடம் முன்னதாகவே கிளம்புவார். அவருடைய பயண நேரம் 80 தான், 50 அல்ல.

வானிலையில் சராசரியை நம்பாதீர்கள்

சான்பிரான்சிஸ்கோவின் ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 14 டிகிரி செல்சியஸ். பெய்ஜிங்கின் சராசரி சுமார் 13. எண்ணில் இரட்டையர்கள். ஆனால் முதல் நகரத்தில் மாதச் சராசரி 11-க்கும் 18-க்கும் இடையில் அசைகிறது. இரண்டாவதில் ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே போய் ஜூலையில் 27-ஐத் தொடுகிறது. ஒப்பிட வேண்டியது மிக மோசமான மாதத்தை.

மழையிலும் இதே ஏமாற்று. லண்டன் மழை ஊர் என்று பெயர் வாங்கியது. அதன் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவுதான். நியூயார்க்கில் அதைப்போல் இரண்டு மடங்கு, டோக்கியோவில் 1,500-க்கும் மேல். லண்டனில் தூறலாக நாள்கணக்கில் சிதறி விழுவதால் வானம் மூடியே கிடக்கிறது. உங்களை வாட்டுவது மழை அளவா, வெயில் இல்லாத நாட்களா என்று முதலில் தெளிவாகுங்கள். ஹெல்சிங்கியில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. சிலருக்கு அது ஒன்றுமே இல்லை. சிலரை இரண்டாவது குளிர்காலத்தில் அது படுக்கையில் தள்ளிவிடும். முதல் குளிர்காலம் புதுமையிலேயே ஓடிவிடும்.

வெப்பத்தில் வெப்பமானியைவிடப் பனிநிலையைப் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் பனித்துளியாகுமோ அதுதான் பனிநிலை. 38 டிகிரி வெயிலில் பனிநிலை 10 என்றால் வேர்வை உலரும், நிழலில் நிற்கலாம். 32 டிகிரியில் பனிநிலை 25 என்றால் வேர்வை உலராது, புழுக்கம் விடாது. இரவுக் குறைந்தபட்ச வெப்பத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் அது 25-ஐ ஒட்டியே நிற்கும், ஆகவே குளிர்சாதன மின்செலவைப் பன்னிரண்டு மாதத்துக்கும் போட வேண்டும். லிஸ்பனில் சிக்கல் நேரெதிர். குளிர்காலம் மிதமானது என்பதால் பல பழைய வீடுகளில் வெப்பமூட்டும் ஏற்பாடே இல்லை. தெருவைவிட வீட்டுக்குள் குளிர் அதிகமாகத் தெரியும். வீட்டின் கட்டுமானம் பார்க்காமல் ஊரின் வானிலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு.

இதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் உயரத்தையும் கேட்க வேண்டும். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர், பொகோட்டா 2,600 மீட்டர் அளவில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான்.

காற்றின் தரத்துக்கு நுண்துகள் அளவு (பி.எம். 2.5) போதும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டுச் சராசரிக்கு ஒரு கனமீட்டரில் 5 மைக்ரோகிராம் என்றும், 24 மணி நேரச் சராசரிக்கு 15 என்றும் வரம்பை இறுக்கியது. அதற்கு முன் ஆண்டு வரம்பு 10. உலகின் பெரும்பாலான நகரங்கள் 5-ஐத் தாண்டியவை என்பதால் ‘தாண்டுகிறதா’ என்று கேட்டுப் பயனில்லை. ஆண்டில் எத்தனை நாள் 15-ஐத் தாண்டுகிறது, அந்த நாட்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா, காற்றை அளக்கும் கருவி உங்கள் பகுதியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சாலை இரைச்சலுக்கும் அந்நிறுவனத்தின் 2018 பரிந்துரை உண்டு: நாள் முழுமைக்குமான சராசரி 53 டெசிபல், இரவில் 45. கைபேசிச் செயலி துல்லியமில்லைதான். இரண்டு வீடுகளை ஒரே கைபேசியால் ஒப்பிடப் போதும்.

தண்ணீரில் கேட்க வேண்டியது எத்தனை மூலங்கள் என்பது. கேப் டவுன் பெரும்பாலும் மழை நிரப்பும் அணைகளையே நம்பியிருந்தது. 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. வெள்ளம், நிலநடுக்கம், காட்டுத்தீ ஆகியவற்றுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: பார்த்துவைத்த வீட்டின் முகவரியைக் கொடுத்து வீட்டுக் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். பக்கத்துத் தெருவைவிடத் தவணை இரண்டு மடங்கு என்றாலோ, காப்பீடே தர மறுத்தாலோ, தரகர் சொல்லாததை அவர்கள் சொல்லிவிட்டார்கள். டோக்கியோவில் வீடு பார்ப்பவர்கள் கட்டட அனுமதி 1981 ஜூனுக்குப் பிறகா என்று கேட்பதும் இந்த வகைதான்; நிலநடுக்க விதிகள் அப்போது கடுமையாயின.

மருத்துவத்தில் மருத்துவமனை எண்ணிக்கையை விடுங்கள். புதிதாகப் பதிய விரும்பும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் குடும்ப மருத்துவர் அந்தப் பகுதியில் இருக்கிறாரா என்று மூன்று இடங்களுக்கு அழைத்துக் கேட்டால் போதும்.

மதிப்பெண் போடும்போது

1772-இல் ஆங்கில அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் முடிவெடுக்க ஒரு முறையைச் சொன்னார்: தாளை இரண்டாகப் பிரித்து சாதகமும் பாதகமும் மூன்று நான்கு நாள் எழுதி, எடை சமமானவற்றை அடித்துக்கொண்டே வர வேண்டும். இன்றைய எடைபோட்ட அட்டவணை அதன் பேரன். அது எப்படி ஏமாற்றும் என்று தெரிந்தால் நன்றாகப் பயன்படும்.

இரண்டு நகரங்கள், பத்துக்கு மதிப்பெண். ‘அ’: சேமிப்பு 8, பயண நேரம் 5, வானிலை 4, மருத்துவம் 7. ‘ஆ’: 5, 8, 7, 6. எடை முறையே 40, 20, 20, 20 என்று போட்டால் ‘அ’ 6.4, ‘ஆ’ 6.2. சேமிப்பிலிருந்து வெறும் 10-ஐ எடுத்துப் பயணத்துக்குக் கொடுங்கள்: ‘அ’ 6.1, ‘ஆ’ 6.5. வெற்றி மாறிவிட்டது. எடையை இப்படி 10 நகர்த்தியும் முதலிடம் மாறவில்லை என்றால்தான் அந்த முடிவுக்குப் பலம் இருக்கிறது.

இன்னொரு கண்ணி: ‘மருத்துவம் மிக முக்கியம்’ என்று 40 எடை போடுவது. இரு நகரங்களிலும் மருத்துவம் 7, 6 என்று ஒட்டி நிற்கும்போது அந்த 40 வீண். எடையைப் பொதுவான முக்கியத்துவத்துக்குப் போடாதீர்கள். பட்டியலில் இருக்கும் நகரங்களுக்கு இடையே அந்த விஷயத்தில் உள்ள இடைவெளி உங்களுக்கு எவ்வளவு பெரிது என்பதற்குப் போடுங்கள். வாடகை, வீட்டு விலை, விலைவாசி என்று மூன்று வரிசை வைத்தால் பணத்தையே மூன்று முறை எண்ணியதாகும்; ‘மாத மிச்சம்’ என்ற ஒரே வரிசை போதும். கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து எடை போட வேண்டாம். தனித்தனித் தாளில் போட்டுவிட்டுப் பிறகு சேர்த்து வையுங்கள். பேச வேண்டிய விஷயம் எது என்பது எங்கே இடைவெளி பெரிதோ அங்கே தெரியும்.

வானிலைக்கு ஒப்பிடும் நேரத்தில் எடை கூடிப்போவது இயல்பு. 1998-இல் ஆய்வாளர்கள் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் கலிஃபோர்னியாவிலும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலும் படிக்கும் மாணவர்களைக் கேட்டார்கள். கலிஃபோர்னியாக்காரர்களே மகிழ்ச்சியானவர்கள் என்று இரு பக்கமும் நினைத்தது. தங்கள் வாழ்க்கைக்குக் கொடுத்த மதிப்பில் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். அக்கரைப் பச்சை என்பதை எண்களில் காட்டிய ஆய்வு. இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரிதாகிவிடும், தினமும் தின்னும் வித்தியாசம் சிறிதாகிவிடும்.

போய் இருந்து பார்ப்பது

கடைசி இரண்டு நகரங்களுக்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள், அதுவும் அந்த ஊரின் மோசமான மாதத்தில். சுற்றுலாப் பகுதியில் விடுதி எடுக்காதீர்கள்; வாடகைக்கு எடுக்க நினைக்கும் பகுதியிலேயே, சமையலறை உள்ள இடம். செவ்வாய்க்கிழமை காலை அலுவலக நேரத்தில் வீட்டிலிருந்து வேலையிடம் வரை போய் வாருங்கள், மழை நாளில் ஒருமுறை கூடுதலாக. இரவு பதினொரு மணிக்கு நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடங்கள். ஒரு வாரம் முழுக்க வீட்டுச் சமையலுக்குச் சாமான் வாங்கிச் செலவை எழுதுங்கள். வங்கிக் கணக்கோ குடிநுழைவு விசாரணையோ ஏதாவது ஒரு அலுவலக வேலையை அந்த ஊர் மொழியில் முயன்று பாருங்கள். எத்தனை முறை திரும்பி வரச் சொன்னார்கள் என்பது பிறகு ஆண்டு முழுக்கத் தொடரும். அருங்காட்சியகங்களுக்கு ஒரு நாள் போதும். குடியேறியவர்கள் அங்கே போவது விருந்தினர் வரும்போதுதான்.

இதற்குப் பிறகும் இரண்டும் சமமாக நின்று, நீங்கள் மதில் மேல் பூனையானால், திரும்பி வரும் செலவைக் கணக்கிடுங்கள். குத்தகையை முறிக்க எத்தனை மாத அறிவிப்பு (ஜெர்மனியில் குடியிருப்பவருக்குப் பொதுவாக மூன்று மாதம்), முன்பணம் எப்போது திரும்பும், சாமான் ஏற்றுமதி, பள்ளிக் கட்டணத்தில் திரும்பாத பகுதி, ஓய்வூதியப் பங்களிப்பை எடுத்துச்செல்ல முடியுமா, இப்போதைய ஊரில் விட்டுவந்த வீட்டைத் திரும்பப் பெற எத்தனை நாள். இந்தத் தொகை எந்த நகரத்துக்குச் சிறியதோ அங்கே முதலில் போகலாம், ஓராண்டுக் குத்தகையோடு. எட்டாவது மாதத்தில் இதே அட்டவணையை எடுத்து, ஊகமாகப் போட்ட எண்களை நிஜ எண்களால் மாற்றி எழுதுங்கள். குத்தகை முடிய அப்போதும் நான்கு மாதம் இருக்கும்; மூன்று மாத அறிவிப்புக் கொடுக்கவும் நேரம் உண்டு.